அறுவை சிகிச்சையின்போது நரம்பு மண்டலத்தைக் கண்காணிப்பது எப்படி?

மயக்கத்தில் இருக்கும் நோயாளியால் கால் மரத்துப்போகிறது என்று சொல்ல முடியாது. முதுகுத்தண்டின் வளைவை நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபட்டாலும், மூளைத்தண்டின் அருகே இருக்கும் கட்டியை அகற்றும்போது செவி நரம்பு நசுங்கினாலும், மேசைமேல் கை தவறான கோணத்தில் கிடந்து தோள்பட்டையின் நரம்புப் பின்னல் அழுந்தினாலும், அந்தச் சேதம் வெளியே தெரிவது அவர் கண்விழித்த பிறகுதான். அதற்குள் அதைச் சரிசெய்யும் நேரம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. அந்தச் சேதியை உரிய நேரத்தில், நோயாளியின் சார்பில், அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நரம்புக் கண்காணிப்பாளரின் வேலை.

இதற்கான கருவிகள் வருவதற்கு முன் இருந்த வழி, நோயாளியை அறுவையின் நடுவிலேயே எழுப்பிப் பார்ப்பது. 1973இல் பிரான்சில் வோசெல், ஸ்டான்யாரா முதலியோர் விவரித்த முறைப்படி, முதுகுத்தண்டை நிமிர்த்தியவுடன் மயக்கத்தைக் குறைத்து, நோயாளியிடம் பாதங்களை அசைக்கச் சொல்வார்கள். இன்றும் ஐயம் தீராத வேளைகளில் இது கைகொடுக்கிறது. ஆனால் அது அந்த ஒரு கணத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். அதற்குப் பத்து நிமிடம் முன்போ பின்போ என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. சிறு குழந்தைகளிடமும், சொல்வதைப் புரிந்துகொள்ள இயலாதவர்களிடமும் அதைச் செய்யவே முடியாது. 1970களில் தண்டுவடத்தின் உணர்வுப் பாதையை மின் தூண்டலால் தொடர்ந்து பதிவு செய்யும் முறை அறுவை அரங்குக்குள் வந்தது. 1980இல் மெர்ட்டன், மார்ட்டன் ஆகிய இருவரும் தலைத்தோலின் வழியாகவே மூளையைத் தூண்டித் தசையை இயங்கவைக்கலாம் என்று காட்டியபின், இயக்கப் பாதையைக் கண்காணிப்பதற்கும் வழி பிறந்தது.

இந்தக் கட்டுரை, இத்துறைக்குள் புதிதாக நுழையும் தொழில்நுட்பர்களுக்காகவும், கண்காணிப்பாளருடன் ஒரே அரங்கில் வேலை செய்யப்போகும் மயக்கவியல், அறுவைப் பயிற்சி மருத்துவர்களுக்காகவும் எழுதப்பட்டது. மேற்பார்வையில் பெறும் நேரடிப் பயிற்சிக்கு இது ஈடாகாது. என் கருத்தில், அலைகளைத் திரையில் வரவழைப்பது இந்த வேலையின் எளிய பாதி. ஓர் அலை மாறும்போது அது ஏன் மாறியது என்பதைச் சில நிமிடங்களுக்குள் சொல்வதே கடினமான பாதி. அப்படிச் சொல்ல முடியுமா முடியாதா என்பது, கத்தி வைப்பதற்கு முன் நோயாளியின் பேஸ்லைனை, அதாவது தொடக்கநிலைப் பதிவை, எவ்வளவு கவனமாக எடுத்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

எந்தப் பாதைக்கு ஆபத்து என்று முதலில் கேளுங்கள்

அறுவையின் பெயரைப் பார்த்து, வழக்கமான பட்டியலின்படி கம்பிகளை எடுத்து வைப்பது தவறான தொடக்கம். எந்த நரம்புப் பாதை, எந்த இடத்தில், எந்தச் செயலால் ஆபத்துக்கு உள்ளாகும் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே முறைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தண்டுவடத்தின் பின்பகுதியில் ஏறும் உணர்வுப் பாதையை எஸ்.எஸ்.இ.பி. (கை கால் நரம்பைத் தூண்டி, மேலே எழும் அலையைப் பதிவு செய்யும் முறை) கண்காணிக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதையை எம்.இ.பி. (மூளையைத் தூண்டி, தசையில் எழும் பதிலைப் பதிவு செய்யும் முறை) கண்காணிக்கிறது. இவை இரண்டும் தண்டுவடத்தின் வெவ்வேறு பகுதிகளில் செல்வதோடு, அவற்றுக்கு இரத்தம் வரும் வழியும் வேறு: தண்டுவடத்தின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்கை முன் தமனி ஒன்று ஊட்டுகிறது; பின்பகுதியைப் பின் தமனிகள் இரண்டு ஊட்டுகின்றன. முன் தமனியில் இரத்த ஓட்டம் குறைந்தால், எஸ்.எஸ்.இ.பி. கடைசிவரை அழகாக வந்துகொண்டிருக்க, நோயாளி கால்களை அசைக்க முடியாமல் கண்விழிக்கக்கூடும். ஆகவே தண்டுவடமே ஆபத்தில் இருக்கும் அறுவைகளில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்பு வேர்களுக்கு இந்த இரண்டுமே போதாது. ஒரு தசைக்குப் பல வேர்களிலிருந்து நரம்பு வருவதால், ஒரு வேர் மட்டும் காயப்பட்டால் எம்.இ.பி.யில் அது தெளிவாகத் தெரியாமல் போகலாம். அங்கே அந்தந்தத் தசையில் ஈ.எம்.ஜி. (தசையின் மின் செயல்பாட்டுப் பதிவு) வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். செவி நரம்புக்கு அருகே வேலை நடந்தால், காதில் ஒலி கொடுத்து மூளைத்தண்டின் எதிர்வினையைப் பதிவு செய்யும் முறை தேவைப்படும். கழுத்துத் தமனியை இறுக்கிப் பிடித்து அடைப்பை நீக்கும் அறுவையில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) தேவைப்படும்.

அடுத்து நோயாளியின் நிலையைப் பாருங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் கால் நரம்புகள் பழுதடைந்தவருக்குக் கணுக்காலில் தூண்டினால் அலை மிகச் சிறியதாகவே வரும். அதை முன்கூட்டியே அறிந்திருந்தால், அரங்கில் வீணாக இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எந்தக் கால் பலவீனமாக இருக்கிறது, எந்த விரலில் உணர்வு குறைவு என்பதை நீங்களே நேரில் சோதித்து எழுதிவைப்பது நல்லது. வலிப்பு நோய், பேஸ்மேக்கர், செவியிலோ மூளையிலோ பொருத்தப்பட்ட கருவிகள், மண்டையோட்டில் துளை, முன்பு நடந்த மூளை அறுவை ஆகியவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். இவை இருந்தால் எம்.இ.பி. செய்யவே கூடாது என்பதில்லை. ஆனால் அதன் பயனையும் ஆபத்தையும் மருத்துவர்கள் சேர்ந்து எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும்.

மயக்கவியல் மருத்துவருடன் முன்பேச்சு

கண்காணிப்பின் தரம் மயக்க மருந்துகளைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. மூச்சின் வழியாகக் கொடுக்கும் மயக்க வாயுக்கள் மூளைப் புறணியில் எழும் அலைகளை அளவுக்கேற்ப அடக்குகின்றன, எம்.இ.பி.யை அவை இன்னும் கடுமையாக அடக்குகின்றன. நைட்ரஸ் ஆக்சைடும் அப்படியே. அதனால் எம்.இ.பி. தேவைப்படும் அறுவைகளில் புரோபோஃபாலையும், ரெமிஃபெண்டானில் போன்ற ஓபியாய்டு மருந்தையும் இரத்தநாளத்தின் வழியாகத் தொடர்ந்து செலுத்தும் முறையே சிறந்தது. வாயு தேவைதான் என்றால், அதை 0.5 மேக் (மயக்க வாயுவின் வீரியத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். கெட்டமினும் எட்டோமிடேட்டும் இதற்கு விதிவிலக்கு, அவை எஸ்.எஸ்.இ.பி. அலையின் உயரத்தைக் கூட்டவே செய்கின்றன.

தசைத் தளர்த்தி மருந்து எஸ்.எஸ்.இ.பி.யைக் கெடுக்காது, தசை இரைச்சல் அடங்குவதால் அலை இன்னும் தெளிவாகவே வரும். ஆனால் எம்.இ.பி.யும் ஈ.எம்.ஜி.யும் தசையில்தான் பதிவாகின்றன என்பதால், அவற்றுக்கு அந்த மருந்து பகை. மூச்சுக்கான குழாய் பொருத்துவதற்காகக் கொடுத்த மருந்தின் வேகம் தணிந்துவிட்டதா என்பதை, நரம்பை நான்கு முறை அடுத்தடுத்துத் தூண்டிப் பார்க்கும் சோதனையில் நான்கு துடிப்புகளும் வருகின்றனவா என்று நீங்களே பாருங்கள். மருந்து கொடுத்து நேரமாகிவிட்டது என்ற ஊகத்தை நம்ப வேண்டாம்.

மருந்து எது என்பதைவிட, அது எவ்வளவு நிலையாகச் செல்கிறது என்பதே முக்கியம். முதுகுத்தண்டை நிமிர்த்தப்போகும் நேரத்தில் ஒரு பெரிய அளவு புரோபோஃபாலை ஒரேயடியாகச் செலுத்தினால், அதன்பின் அலை குறைந்தது மருந்தாலா, நிமிர்த்தியதாலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஆபத்தான கட்டம் நெருங்கும்போது மருந்தின் அளவை மாற்றுவதாக இருந்தால் முன்பே தெரிவிக்கும்படி மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்துடன் குறித்துவையுங்கள். சராசரி இரத்த அழுத்தம், உடல் வெப்பநிலை இவ்விரண்டும் உங்கள் திரையிலோ, திரும்பினால் கண்ணில் படும் இடத்திலோ இருக்க வேண்டும்.

மின்முனைகளைப் பொருத்துதல்

நோயாளி மயங்கிய பிறகு, அவரைக் கவிழ்த்துப் படுக்கவைப்பதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களே உங்களுக்கு உரியவை. எனவே கம்பிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பெயர் ஒட்டி, முன்பே ஒழுங்குபடுத்தி வைத்திருங்கள்.

தலையில் மின்முனை வைக்கும் இடங்களை, ஈ.ஈ.ஜி.க்கான 10–20 முறைப்படி (தலையின் அளவை 10, 20 விழுக்காடுகளாகப் பிரித்து இடம் குறிக்கும் முறை) அளவுநாடாவால் அளந்து குறியுங்கள். கண்ணளவில் வைப்பவர்கள் உண்டு. ஆனால் இடது வலது அலைகளின் உயர வேறுபாட்டுக்குக் காரணம் தேடும் நேரத்தில், அளந்து வைத்தவருக்கு ஒரு சந்தேகம் குறைகிறது. எம்.இ.பி. தூண்டலுக்குத் திருகு வடிவ மின்முனைகள் நல்லவை. அவை தலைத்தோலில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் நழுவா. கைக்கு மணிக்கட்டில் மீடியன் நரம்பையோ அல்நார் நரம்பையோ தூண்டலாம். காலுக்குக் கணுக்காலின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் செல்லும் டிபியல் நரம்பைத் தூண்டலாம். கழுத்தின் நடுப்பகுதிக்குக் கீழே அறுவை என்றால் அல்நார் நரம்பே பொருத்தமானது. அதன் இழைகள் கழுத்துத் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் நுழைவதால், அறுவை நடக்கும் இடத்தைக் கடந்தே அவை மேலே செல்ல வேண்டும்.

அதே அலையைப் பாதையின் பல நிலைகளில் பதிவு செய்யுங்கள். காலுக்கு முழங்காலின் பின்குழி, கழுத்தின் பின்புறம், தலை என மூன்று நிலைகள். கைக்குக் காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளம், கழுத்து, தலை என மூன்று நிலைகள். இதைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள், பின்னர் அலை மறையும்போது கைவசம் எந்தத் தடயமும் இல்லாமல் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு பதிவு மின்முனையின் மின்தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே, ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, காட்டரி (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு இரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) கம்பியிலிருந்தும் மேசையின் மின்வடத்திலிருந்தும் விலக்கிக் கொண்டுசெல்லுங்கள். பூமி மின்முனையைத் தூண்டும் இடத்துக்கும் பதிவு செய்யும் இடத்துக்கும் இடையில் வையுங்கள். காட்டரியின் தோல் தகடு சரியாக ஒட்டப்படாவிட்டால் அந்த மின்சாரம் உங்கள் ஊசிகளின் வழியாக வெளியேறித் தோலைச் சுட்டுவிடக்கூடும் என்பதால், அந்தத் தகட்டை ஒருமுறை நீங்களும் பார்த்துக்கொள்வது நல்லது.

எம்.இ.பி. தூண்டலின்போது தாடைத் தசைகள் சட்டென்று இறுகும். நாக்கோ உதடோ பற்களுக்கிடையே மாட்டினால் ஆழமான காயம் ஏற்படும்; இந்த முறையில் மிக அதிகமாகக் காணப்படும் சிக்கலே இதுதான். இருபுறமும் கடைவாய்ப் பற்களுக்கிடையே மென்மையான துணிச்சுருளை வைத்து, நாக்கு நடுவில் தாராளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளியைக் கவிழ்த்த பிறகு, குனிந்து, விளக்கடித்து, மீண்டும் பார்க்க வேண்டும். கவிழ்க்கும்போதுதான் துணிச்சுருள் இடம் மாறுகிறது.

பேஸ்லைன் எடுத்தல்

கழுத்து எலும்பு நிலைகுலைந்திருக்கும் நோயாளிக்கும், தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும் நோயாளிக்கும், மல்லாந்த நிலையிலேயே ஒரு பேஸ்லைன் எடுத்துவிட்டு, கவிழ்த்தவுடன் இன்னொன்று எடுங்கள். படுக்கவைத்ததாலேயே தண்டுவடம் அழுந்தியதென்றால் அது இங்கேயே பிடிபடும். கவிழ்த்த பிறகு மட்டும் எடுக்கும் பேஸ்லைன், அந்தச் சேதத்தையே இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடும்.

எஸ்.எஸ்.இ.பி.க்கு 0.2 முதல் 0.3 மில்லி விநாடி நீளமுள்ள துடிப்பை, விநாடிக்கு 2 முதல் 5 வரை கொடுப்பது வழக்கம். அந்த வேகம் மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸை மீதமின்றி வகுக்கும் எண்ணாக இருக்கக் கூடாது. 5 என்று வைத்தால் மின் இரைச்சலும் சேர்ந்து சராசரியில் தங்கிவிடும், 4.7 என்று வைத்தால் அது கரைந்துவிடும். தலையில் பதிவாகும் அலை ஒரு சில மைக்ரோவோல்ட் உயரமே உள்ளது என்பதால், சில நூறு பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அது இரைச்சலிலிருந்து மேலெழும். மீடியன் நரம்புக்குத் தூண்டலிலிருந்து சுமார் 20 மில்லி விநாடியிலும், டிபியல் நரம்புக்குச் சுமார் 37 மில்லி விநாடியிலும் புறணி அலை வரும். உயரமானவர்களுக்கும் உடல் குளிர்ந்தவர்களுக்கும் அது சற்றுத் தாமதமாகும்.

எம்.இ.பி.க்குச் சராசரி தேவையில்லை. ஒரே முறை தூண்டினால் போதும். ஐந்து துடிப்புகள் அளவிலான ஒரு தொடரை, 2 முதல் 4 மில்லி விநாடி இடைவெளியில் கொடுத்து, கட்டைவிரல் தசை, முன்காலின் டிபியாலிஸ் தசை, பாதத்தின் பெருவிரல் தசை ஆகியவற்றில் பதிவு செய்யுங்கள். குறைந்த வோல்ட்டில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றி, எல்லாத் தசைகளிலும் நம்பகமான பதில் வரும் அளவைக் கண்டுபிடியுங்கள். தேவைக்குமேல் ஏற்றினால் தூண்டல் மூளையின் ஆழத்துக்கு ஊடுருவி, அறுவை நடக்கும் இடத்துக்குக் கீழே நேரடியாகப் பாதையைத் தூண்டிவிடக்கூடும். மூளை அறுவைகளில் இந்தத் தவறு பொய்யான நிம்மதியைத் தரும். தூண்டும்போது உடல் சிறிது அசையும் என்பதால், ஒவ்வொரு முறையும் அறுவை மருத்துவருக்குச் சொல்லிவிட்டே பொத்தானை அழுத்துங்கள். நுண்ணோக்கியின் கீழ் கருவி தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்லாமல் தூண்டுவது மன்னிக்க முடியாதது.

எம்.இ.பி. பதிவின் உயரம் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இயல்பாகவே ஏறி இறங்கும். எனவே ஒரே ஒரு பதிவை பேஸ்லைன் என்று வைத்துக்கொள்ளாமல், பலமுறை எடுத்து, இந்த நோயாளிக்கு எவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தோலைத் திறந்து, மயக்கம் நிலைபெற்ற பிறகு, பேஸ்லைனைப் புதுப்பித்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

ஈ.எம்.ஜி.யும் ஸ்க்ரூ சோதனையும்

ஈ.எம்.ஜி.யைக் கண்ணால் பார்ப்பதோடு காதாலும் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியைத் திறந்துவைத்திருந்தால், நரம்பு வேரைக் கருவி உரசியவுடன் சடசடவென்று எழும் ஓசையை அறுவை மருத்துவரும் கேட்டுக் கையை நிறுத்துவார். ஒரு சிறு வெடிப்போடு அடங்கிவிடும் ஓசை பெரும்பாலும் உரசலையே குறிக்கும். தொடர்ந்து நீளும் சீறல் நரம்பு எரிச்சலடைந்திருப்பதைக் குறிக்கும். ஆனால் நரம்பு கூர்மையாக வெட்டுப்பட்டால் ஓசையே எழாமலும் போகலாம் என்பதால், அமைதியைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடுப்பு முதுகெலும்பில் ஸ்க்ரூ பொருத்தியபின், அதன் தலையில் மின்சாரம் கொடுத்து, எந்த அளவில் காலின் தசை துடிக்கிறது என்று பார்ப்பது எளிய சோதனை. எலும்பு முழுதாக இருந்தால் மின்சாரம் நரம்பை எட்டுவது கடினம். சுவர் உடைந்திருந்தால் சிறிய அளவிலேயே தசை துடிக்கும். 10 மில்லி ஆம்பியருக்கு மேல் துடித்தால் பெரும்பாலும் நிம்மதி. 5க்குக் கீழே துடித்தால் ஸ்க்ரூவை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட எண்ணுக்கு எக்ஸ்ரேயும் கைத்தொடுதலும் துணைவர வேண்டும். ஸ்க்ரூவைச் சுற்றி இரத்தமோ நீரோ தேங்கியிருந்தால் மின்சாரம் அதன் வழியாக ஓடிவிடும், எண் பொய்யாக உயரும்; ஆகவே முதலில் உறிஞ்சி உலர்த்தச் சொல்லுங்கள்.

தைராய்டு அறுவையில் குரல்வளை நரம்பைக் கண்காணிக்க, மூச்சுக்காகச் செருகும் குழாயிலேயே பதிவு மின்முனைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; கழுத்தை நீட்டும்போது குழாய் சுழன்றாலோ நகர்ந்தாலோ நரம்பு நன்றாக இருந்தும் பதில் மறையும். அதனால் தொடக்கத்திலேயே, குரல்வளை நரம்பு பிரிந்துவரும் வேகஸ் நரம்பைத் தூண்டிப் பதிலைக் காட்டிவிட்டு, இறுதியிலும் அதையே செய்து ஒப்பிட வேண்டும். முதலில் எடுத்த பக்கத்தில் பதில் 100 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே விழுந்து, குழாயும் சரியாகவே இருக்கிறதென்றால், மறுபக்கத்தை அன்றே தொடுவதா, ஒத்திவைப்பதா என்று அறுவை மருத்துவர் யோசிக்க வேண்டும். இரு பக்க நரம்புகளும் ஒரே நாளில் செயலிழந்தால் மூச்சுக்கே இடையூறு வரும்.

செவி நரம்புக் கண்காணிப்பில், ஒலிக்கு எதிர்வினையாக வரிசையாக எழும் அலைகளில் ஐந்தாம் அலையையே முதன்மையாகப் பார்க்கிறோம். அது பேஸ்லைனிலிருந்து 1 மில்லி விநாடி தாமதமானாலோ, உயரத்தில் பாதியை இழந்தாலோ, சிறுமூளையை ஒதுக்கிப் பிடித்திருக்கும் கருவியைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். பல நேரங்களில் அதுவே போதுமானது.

அலை மாறும்போது காரணத்தைத் தேடுவது

எஸ்.எஸ்.இ.பி. உயரம் பேஸ்லைனில் பாதியாகக் குறைந்தாலோ, வந்துசேரும் நேரம் 10 விழுக்காடு கூடினாலோ அது எச்சரிக்கை. எம்.இ.பி.க்கு அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே எண் இல்லை. சிலர் 80 விழுக்காடு வீழ்ச்சியைக் கொள்கிறார்கள், சிலர் முன்பைவிட 100 வோல்ட் கூடுதலாகத் தேவைப்படுவதைக் கொள்கிறார்கள், முழுதாக மறைவதையே கொள்பவர்களும் உண்டு. எதைக் கொள்வது என்று உங்கள் குழுவுடன் முன்பே பேசி முடிவுசெய்துவிடுங்கள். என் பரிந்துரை ஒன்றுதான்: எண் வரம்பைத் தொடும்வரை காத்திருக்காமல், சரிவு தொடங்கியதுமே மெல்லிய குரலில் தெரிவியுங்கள். அலை சரியத் தொடங்கியிருக்கிறது, காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்ற ஒரு வாக்கியத்துக்காக எந்த நல்ல அறுவை மருத்துவரும் கோபிக்கமாட்டார்.

காரணத்தைத் தேடும்போது மாற்றத்தின் வடிவத்தைப் பாருங்கள். கை கால் நான்கிலும் அலை ஒரே நேரத்தில் சரிந்தால், அது மயக்க மருந்தாகவோ, இரத்த அழுத்தமாகவோ, வெப்பநிலையாகவோ, தலையிலுள்ள மின்முனையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மார்பு முதுகெலும்பில் வேலை நடக்கும்போது கைகள் நிலையாக இருந்து கால்கள் இரண்டும் சரிந்தால், தண்டுவடத்தை நினைக்க வேண்டும். இங்கே கைகள் சாட்சியாக நிற்கின்றன. அறுவை இடுப்பிலோ மார்பிலோ நடந்தாலும் கைகளையும் பதிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

பல நிலைகளில் பதிவு செய்ததன் பலனும் இப்போது கிடைக்கும். டிபியல் அலை தலையிலும் கழுத்திலும் மட்டுமல்லாமல் முழங்கால் குழியிலும் மறைந்துவிட்டால், தூண்டும் மின்முனை கழன்றிருக்கலாம், அல்லது காலுக்கே இரத்தம் போகாமல் இருக்கலாம். தண்டுவடத்தைக் குறைசொல்ல இடமில்லை. முழங்கால் குழியில் முழு உயரத்தோடு வந்து, கழுத்திலும் தலையிலும் மறைந்திருந்தால், தடை இடையில் இருக்கிறது. கழுத்தில் வந்து தலையில் மட்டும் குறைந்திருந்தால், மயக்க மருந்தை விசாரியுங்கள். புறணி அலையை அது அடக்குவதுபோல் கழுத்து அலையை அடக்குவதில்லை.

ஒரு கை மட்டும் மெல்ல மெல்லச் சரிவது தனிக் கதை. கவிழ்ந்து படுத்திருக்கும் நோயாளியின் இடது அல்நார் அலை ஒரு மணி நேரத்தில் படிப்படியாகக் குறைகிறது, மற்ற மூன்றும் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அறுவை இடுப்பில் நடக்கிறது. துணியைத் தூக்கிப் பார்த்தால், தோள் மேல்நோக்கி நீண்டு, முழங்கை பலகையின் விளிம்பில் அழுந்தியிருக்கும். கையை இறக்கி, முழங்கைக்கு மெத்தை வைத்தால், சில நிமிடங்களில் அலை ஏறத் தொடங்கும். நோயாளி மறுநாள் மரத்த விரல்களோடு எழுந்திருக்காமல் போவது இப்படித்தான். இதை யாரும் பெரிய வெற்றியாகக் குறிப்பிடுவதில்லை. ஆனால் கண்காணிப்பின் பயனில் இதற்கு நல்ல பங்கு உண்டு.

உண்மையான எச்சரிக்கையின் நிமிடங்கள்

முதுகுத்தண்டு வளைவுக்கான அறுவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ராடை, அதாவது முதுகெலும்புகளோடு பொருத்திய உலோகத் தண்டை, சுழற்றி வளைவை நிமிர்த்தியாகிவிட்டது. அடுத்த எம்.இ.பி.யில் கைகள் முன்போலவே துடிக்கின்றன. வலது காலில் எதுவும் வரவில்லை, இடது காலில் கால்பங்கு வருகிறது. மறுபடி தூண்டினாலும் அப்படியே.

முதலில் சொல்ல வேண்டியது, தெளிவாக, இடமும் பக்கமும் அளவும் நேரமும் சேர்த்து: "வலது கால் எம்.இ.பி. முழுதாக மறைந்துவிட்டது, இடது கால் குறைந்திருக்கிறது, கைகள் நிலையாக உள்ளன, ராடைச் சுழற்றிய பிறகே இந்த மாற்றம்." இதைச் சொல்லிவிட்டு, கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள். அரங்கில் இசையும் தேவையற்ற பேச்சும் நிற்கட்டும். மூத்த மருத்துவர் வெளியே இருந்தால் அழைக்கப்படட்டும்.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். நீங்கள் மின்முனைகளையும் மின்தடையையும் தசைத் தளர்ச்சியையும் சரிபார்க்கிறீர்கள். மயக்கவியல் மருத்துவர் சராசரி இரத்த அழுத்தத்தை 85 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏற்றுகிறார், வாயு இருந்தால் நிறுத்துகிறார், இரத்த அளவையும் ஆக்சிஜனையும் வெப்பநிலையையும் பார்க்கிறார். அறுவை மருத்துவர் கடைசியாகச் செய்த செயலைப் பின்னோக்கி எடுக்கிறார்: இழுவையைக் குறைக்கிறார், ராடைத் தளர்த்துகிறார், கடைசியாகப் போட்ட ஸ்க்ரூக்களைச் சோதிக்கிறார், காயத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுகிறார். நீங்கள் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி தூண்டி, வந்ததையும் வராததையும் சத்தமாகச் சொல்கிறீர்கள். இந்த வரிசையைத் தாளில் அச்சிட்டு அரங்கின் சுவரில் ஒட்டிவைப்பது மிகப் பயனுள்ளது. 2014இல் முதுகுத்தண்டு வல்லுநர்கள் கூடி இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலையே வெளியிட்டிருக்கிறார்கள். பதற்றமான நேரத்தில் நினைவாற்றலை நம்புவதைவிடத் தாளை நம்பலாம்.

அலை திரும்பினால், எந்தச் செயலுக்குப் பின் திரும்பியது என்று குறித்துக்கொண்டு, எவ்வளவு நிமிர்த்தலை இந்தத் தண்டுவடம் தாங்கும் என்பதை அறுவை மருத்துவர் முடிவுசெய்வார். திரும்பவில்லையென்றால், நோயாளியை எழுப்பிப் பார்ப்பதா, ராடுகளையும் ஸ்க்ரூக்களையும் முழுதாக நீக்குவதா என்ற பெரிய முடிவு வரும். அந்த முடிவு உங்களுடையதல்ல. ஆனால் அதற்கான சான்று உங்களிடம்தான் இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். அறுவை மருத்துவரை ஆறுதல்படுத்த எண்ணி, இயந்திரக் கோளாறாக இருக்கலாம் என்று சான்றில்லாமல் சொல்லிவிடாதீர்கள்.

தண்டுவடத்துக்குள்ளேயே வளர்ந்த கட்டியை அகற்றும்போது நிலைமை சற்று மாறுபடும். அங்கே தண்டுவடத்தின் உறைமேல் ஒரு மின்முனை வைத்து, மூளையைத் தூண்டும்போது இயக்கப் பாதை வழியே நேரடியாக இறங்கும் டி அலையையும் பதிவு செய்யலாம். தசையில் எம்.இ.பி. மறைந்தாலும் டி அலை பாதிக்கு மேல் நிலைத்திருந்தால், நோயாளி பலவீனத்தோடு எழுந்தாலும் அது பெரும்பாலும் நாளடைவில் மீளும். டி அலையும் பாதிக்குக் கீழே விழுந்தால் நிரந்தர இழப்புக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து, இன்னும் அகற்றலாமா, சிறிது பொறுக்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

முடிக்கும் நேரம்

ராட் பொருத்தியாகிவிட்டது என்பதற்காகக் கண்காணிப்பை நிறுத்தாதீர்கள். நிமிர்த்திய பிறகு தாமதமாகவும் இரத்த ஓட்டம் குறையலாம், காயத்துக்குள் இரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தலாம். தோல் மூடும்வரை பதிவு செய்து, கடைசிப் பதிவை பேஸ்லைனோடு அருகருகே வைத்து, அறுவை மருத்துவரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள். நிறைவாக ஓர் எம்.இ.பி. எடுப்பதற்கு முன்பே தசைத் தளர்த்தி கொடுத்துவிட வேண்டாம் என்றும் மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிகளை எண்ணித்தான் வைத்திருப்பீர்கள். எண்ணித்தான் எடுக்க வேண்டும். தலைமுடிக்குள்ளும் போர்வை மடிப்பிலும் தங்கும் ஊசி, நோயாளியை மாற்றும் செவிலியரின் விரலைப் பதம்பார்க்கும். நாக்கையும் உதட்டையும் பார்த்து, காயம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஊசி வைத்த இடங்களில் இரத்தக் கசிவோ சூட்டுக் காயமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு எச்சரிக்கையின் நேரம், யாரிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன செய்தார், அதன்பின் அலை எப்படி இருந்தது என்பது வரிசையாக இருக்க வேண்டும். நோயாளி கண்விழித்ததும் அவருடைய பாதங்களும் விரல்களும் அசைவதைக் கூடுமானவரை நீங்களே நேரில் பாருங்கள். உங்கள் கடைசிப் பதிவு சொன்னதும் அவருடைய கால் சொல்வதும் ஒத்துப்போகவில்லையென்றால், அந்தப் பதிவுகளை மறுநாளே குழுவோடு உட்கார்ந்து தொடக்கம் முதல் மீண்டும் பாருங்கள். எந்தத் தசையில் ஊசி வைக்காமல் விட்டோம், எந்தச் சரிவை மயக்கம் என்று கடந்துபோனோம் என்பது அங்கேதான் தெரியவரும்.